ஜெரின் அண்ணனின் லினக்ஸும் அன்பியத்து ஸ்பீக்கரும்

அந்தோணியார் தெரு,
திண்டுக்கல்.
அக்டோபர் கடைசி வெள்ளி.

பெங்களூருவில் நல்ல வேலையிலும் நல்ல குளிரிலும் வாழும் என் பெரியம்மா மகன், மாண்புமிகு ஜெரின் அண்ணனுக்கு, தங்கை கிளாரா தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் மகனும் தேவமாதாவின் பாதுகாவலில் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் குழாய்த் தண்ணீரும் சுகம். நீங்கள் கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. அதுவும் இதைச் சின்னாளப்பட்டிப் பெரியம்மாவிடம், அதாவது உங்களைப் பெற்றவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர்கள் உங்கள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, முழுசாகப் படிச்சியாடா என்று கேட்பார்கள். எனவே படித்துவிடுங்கள்.

போன ஈஸ்டருக்கு வந்தபோது உங்கள் பழைய கம்ப்யூட்டரைக் காரில் இருந்து இறக்கி வைத்தீர்கள். நாங்கள் நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சித்தி, இதுல விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் போட்டிருக்கேன். விண்டோஸ் நம்மள அடிமையாக்கும், இது சுதந்திரம்" என்று என் அம்மாவுக்கு ஒரு பிரசங்கம் வைத்தீர்கள். அம்மா சுதந்திரத்துக்குத் தலையாட்டிவிட்டு உங்களுக்குக் கோழிக்குழம்பு ஊற்றினார்கள். குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். சுதந்திரம் எங்களிடம் தங்கிவிட்டது. நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் உங்கள் மகன், ஹெட்செட் ஒயர் மாட்டும் ஓட்டையில் கிரயான் குச்சியைச் சொருகி உடைத்து வைத்ததும் எங்களிடமே தங்கிவிட்டது. பச்சைக் கிரயான். இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்த ஓட்டை அடைபட்டது யாருக்கு நஷ்டம் என்று கேட்பீர்கள். எனக்குத்தான். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எனக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை தருவதாக இருந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள், நாம் சாந்தமாகப் பதில் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், பேச்சுத் தேர்வுதான் பாக்கி. அதற்கு அவர்கள் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும், மொபைல் கூடாது. கரண்டும் நெட்டும் மைக் வைத்த ஹெட்செட்டும் நம்முடையதாகவே இருக்க வேண்டும். சத்தமில்லாத அறையும் நாம்தான் வைத்திருக்க வேண்டும். அவர்கள் தருவது கோபமான கஸ்டமரை மட்டும்தான். எங்கள் தெருவில் சத்தமில்லாத அறை வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் எனக்கு இந்த வேலை வேண்டும், அண்ணே. இது கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்குள் அப்பா தான் ஓட்டும் மில் பஸ்ஸிலேயே என்னை ஏற்றி வேடசந்தூர் நூல்மில் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். என்னோடு படித்த தமிழ்மதி அந்தப் பஸ்ஸில்தான் போகிறாள். போனில் பேசினால் ஒரு வார்த்தை பேசுகிறாள், ஒரு தடவை இருமுகிறாள். பஞ்சுத் தூசிடி, பழகிரும் என்கிறாள். எனக்குப் பழக வேண்டாம்.

ஒயர் ஹெட்செட்டுக்கு வழியில்லாததால், அண்ணி எனக்குக் கொடுத்த ஒயர் இல்லாத ஹெட்செட்டை எடுத்தேன். உங்கள் கம்ப்யூட்டரில் ப்ளூடூத் கிடையாது. "அதுக்குச் சின்னதா ஒரு டாங்கிள் விக்கும், சொருகுனா போதும்" என்றீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாகுல் ஹமீது பாய் கடைக்குப் போனேன். பாய் எடுத்துக் கையில் கொடுக்கும் வரை சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"விண்டோஸ்தானம்மா?"

"இல்ல பாய், லினக்ஸ்."

பாய் டாங்கிளை என் கையில் இருந்து திரும்ப வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "அப்ப ரிட்டர்ன் கெடையாதும்மா. ஓடுனா ஒன் நேரம். ஓடலைன்னா எங்கிட்ட வந்து நிக்காத."

ஓடவில்லை. சரியென்று காசு கொடுத்து வாங்கி வந்து சொருகினேன், நீல விளக்கு மினுக்கியது, கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உங்களுக்கு மெசேஜ் போட்டால், உள்ள என்ன சிப் இருக்குன்னு கடையில கேளு என்று பதில் வருகிறது. போய்க் கேட்டேன். "மாத்திரைக்குள்ள என்ன பொடி இருக்குன்னு மெடிக்கல்ல போயிக் கேப்பியாம்மா?" என்றார் பாய். கேட்ட கேள்வி நியாயம்தான். கடைசியில் அவரே பாவப்பட்டு வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். சுதந்திரத்தை வாங்கிக்கொடுத்தது நீங்கள், அதற்கு ஈடு கட்டியது பாய்.

இரண்டாவது டாங்கிளைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டது. அதன் பிறகுதான் நீங்கள் அந்தக் கறுப்புச் சன்னலைத் திறக்கச் சொன்னீர்கள். டெர்மினலாம். அதில் நீங்கள் அனுப்பிய வரியை அடித்தால் கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல்லை அடித்தால் ஒரு புள்ளி விழவில்லை, ஒரு நட்சத்திரம் விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டதென்று அதைக் கவிழ்த்துத் தட்டினேன். பின்னால் வந்து நின்ற அப்பா, "என்னம்மா திரை கருப்பாயிருச்சு, பொட்டி போயிருச்சா? ஜெரின் தம்பிக்கு என்ன பதில் சொல்றது?" என்று பதறினார். அவருக்கு உங்கள் மேல் அவ்வளவு மரியாதை. எனக்கும் அதுவரை இருந்தது. கடைசியில் எப்படியோ உள்ளே போய், ப்ளூடூத் சர்வீஸைத் திரும்பத் தொடங்கும் வரியை அடித்து என்டர் தட்டினேன். ஒன்றுமே சொல்லவில்லை. ஆச்சு என்றும் சொல்லவில்லை, ஆகவில்லை என்றும் சொல்லவில்லை. உங்களைக் கேட்டால், "ஒண்ணும் வரலைன்னா சக்சஸ்னு அர்த்தம் கிளாரா" என்று ஆடியோ அனுப்புகிறீர்கள். அண்ணே, எங்கள் தெருத் தண்ணீருக்காகக் கொடுத்த மனுவுக்கும் இதுவரை ஒன்றும் வரவில்லை. அதுவும் சக்சஸ்தான் போலிருக்கிறது.

சரி, சேர்ந்தது. ஹெட்செட்டில் பாட்டுப் போட்டேன், தேன் மாதிரி கேட்டது. ஆனால் மைக் இல்லை. மைக்கை எடுக்கப் போனால் ப்ரொஃபைலை மாற்றச் சொல்கிறது. மாற்றினால் மைக் வந்துவிட்டது, சத்தம் போய்விட்டது. போய்விட்டது என்றால் முழுசாகப் போகவில்லை, கிணற்றுக்குள் விழுந்த ஆள் கூப்பிடுவது மாதிரி கேட்கிறது. நல்லாக் கேட்கணும்னா வாயை மூடிக்கிட்டிரு, வாயைத் தொறக்கணும்னா அரைகுறையாக் கேட்டுக்க. இதைக் கண்டுபிடித்தவன், தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வந்து பொம்பளைகள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போய்த்தான் செய்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. காலையில் ஒழுங்காகப் பேசும் ஹெட்செட், பொழுது சாய்ந்தால் என்னை விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறது. கம்ப்யூட்டர் 'துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கம்மென்று இருக்கும். இன்டர்நெட்டில் தேடினால் என்னைப் போலவே ஊர் உலகமெல்லாம் அழுதுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு அழுகைக்கும் கீழே எவனாவது ஒருவன் வந்து, "எனக்கு வேலை செய்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். உன்னிடம் யார் கேட்டது? நீங்களும் அதையேதான் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "எனக்கு வேலை செய்யுதே" என்று, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டு. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போனால், போர் போட்டு மோட்டார் வைத்திருக்கும் சூசைராஜ் மாமா, "எங்க வீட்டுக்கு வருதே" என்பார். அவர் இங்கே, நீங்கள் அங்கே.

அந்தச் சூசைராஜ் மாமாதான் அன்பியத்துக்குச் சக்கரம் வைத்த ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். என் தோளுயரத்தில் பாதி இருக்கும், மைக் உள்ளேயே இருக்கிறது, முன்பக்கம் முழுக்க 'உபயம்: சூசைராஜ் குடும்பத்தார்' என்று பெயிண்ட் அடித்திருக்கிறார். இது ஜெபமாலை மாதம் என்பதைப் பெங்களூருவில் மறந்திருப்பீர்கள். மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும், சாயங்காலம் தெருவே அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும். இந்த வருஷம் மாதாவுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கரும் உருண்டு போகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மாதா பாட்டுப் போட வேண்டுமே, அப்பா போனில் சார்ஜ் இல்லை. "நம்ம பொட்டியில இருந்து போடும்மா, ஜெரின் தம்பி குடுத்தது நல்ல காரியத்துக்கு உதவட்டும்" என்றார். உங்கள் ஹெட்செட்டோடு சேர என்னை அந்தப் பாடு படுத்திய லினக்ஸ், அந்த ஸ்பீக்கரைப் பார்த்ததும் ஒரே சொடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. இந்தச் சாதனத்தை எப்போதும் நம்பவா என்று கேட்டது. மாதாவோடு வந்த சாதனத்தை எப்படி நம்பாமல் இருப்பது? நம்பு என்று தட்டிவிட்டேன். இந்த உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டாள்.

மறுநாள் மாதா பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அன்றைக்குத்தான் என் இன்டர்வியூ. மத்தியானம் என்று சொல்லியிருந்தார்கள், பிறகு மேடம் பிஸி, சாயங்காலம் என்றார்கள். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வையோடு உட்கார்ந்தேன். ஹெட்செட்டில் மேடம் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கிளாரா, இப்ப நான் கோபமான கஸ்டமரா பேசுவேன், நீங்க என்னைச் சமாளிக்கணும்" என்றார். சரிங்க மேடம் என்றேன். அப்போதுதான் டியூட்டி முடிந்து அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். காதுக்குள் டொய்ங் என்று ஒரு சத்தம், ஹெட்செட் செத்துவிட்டது. திரையில் 'ஸ்பீக்கர் இணைக்கப்பட்டது' என்று ஒரு வரி. அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து மேடம் கர்ஜிக்கிறார்.

"என்னங்க ஃபிரிட்ஜ் விக்கிறீங்க? வாங்கி ஒரு மாசம் ஆகல, பால் திரிஞ்சு போச்சு, மாவு புளிச்சுப் போச்சு. யாராவது எனக்குப் பதில் சொல்லுங்க."

அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றது. பிறகு இன்னாசியம்மாள் அக்காவின் குரல்.

"யாரு தாயி பேசுறது?"

"ரெண்டு வாரமா கூப்புடுறேன், ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறீங்க."

"ஜெபமாலை மாசம்ல, எல்லாரும் ஜெபத்துல இருப்பாக. நீ வெசனப்படாத தாயி. ஃபிரிட்ஜச் செவத்தோட ஒட்டி வச்சிருக்கியா? செத்த முன்னால இழுத்து வையி."

"பிளக்கப் புடுங்கிச் சொருகச் சொல்லுங்கக்கா" என்று இன்னொரு குரல்.

"ஏ, அத நிப்பாட்டுங்கப்பா. நான் மாதாவுக்குக் குடுத்த ஸ்பீக்கரு. கண்டவளும் வந்து மாவு புளிச்சுச்சுன்னு பேசுறதுக்கில்ல." இது சூசைராஜ் மாமா.

"மாதாகிட்டத்தான பேசுது, பேசிட்டுப் போகட்டும்" என்றார் அக்கா.

நான் இங்கே உட்கார்ந்து 'மேடம் மேடம்' என்று வெறும் திரையைப் பார்த்துக் கத்துகிறேன். மைக்கும் அந்தப் பக்கம் போய்விட்டதே. திரும்ப ஹெட்செட்டைத் தேடினால் பட்டியலில் அது இல்லவே இல்லை. ப்ளூடூத்தை அணைத்தால் இருக்கிற ஒரே மைக்கும் போய்விடும், மேடமும் போய்விடுவார். என் வேலை இப்போது இன்னாசியம்மாள் அக்கா வாயில் இருக்கிறது. மேடமும் கஸ்டமர் வேஷத்தைக் கலைத்துவிட்டு, "கிளாரா, உங்க வீட்ல நிறைய பேர் இருக்காங்க போல. சரி, ஒரு கேள்வி. அடுத்த ரெண்டு வருஷத்துல கல்யாண ஏற்பாடு ஏதும் உண்டா?" என்கிறார். ஆம்பிளைப் பையனிடம் இதைக் கேட்பார்களா என்று நான் பல்லைக் கடிப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பதில் போய்விட்டது.

"அட, நம்ம கஸ்பார் மகளக் கேக்குறீகளா? தையில முடிச்சிரலாம்னு பேசியிருக்கு தாயி. மாப்பிள்ளை மில்லு சூப்பர்வைசரு. நம்ம சூசைராஜு கொழுந்தியா மகன்தான். இன்னும் அந்தப் புள்ளைகிட்டச் சொல்லல."

அண்ணே, என் கல்யாணச் செய்தியை நான் ப்ளூடூத் வழியாக, சுவரில் காதை வைத்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், இப்போது சென்னைக்கும் தெரியும்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அக்கா வீட்டில் கால் வைக்க இடமில்லை. சீரியல் விளக்குக்கு நடுவில் மாதா, மேசைக்குக் கீழே சூசைராஜ் குடும்பத்தாரின் உபயம். அதற்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பார்ப்பவர்களுக்கு ஸ்பீக்கருக்கு முழங்காலிட்ட மாதிரி இருந்திருக்கும்.

"மேடம், நான்தான் கிளாரா. இப்ப பேசுனது பக்கத்து வீட்டுக்காரங்க. எனக்குத் தையில கல்யாணம் கெடையாது. அப்படி ஒண்ணு இருக்குறதே இப்ப நீங்க கேட்டுத்தான் எனக்குத் தெரியும். எனக்கு வேலைதான் வேணும்."

ஸ்பீக்கர் ஒரு தடவை தொண்டையைச் செருமியது. பிறகு, "ஓகே, ஃபிரிட்ஜுக்கு வருவோமா?" என்றது. வந்தோம். பில் தேதி கேட்டேன், மாடல் கேட்டேன், சிரமத்துக்கு வருத்தம் சொன்னேன், மெக்கானிக் அனுப்புவதாகச் சொன்னேன். மேடம் கத்தக் கத்த நான் சாந்தமாகவே பேசினேன். நடுவில் சூசைராஜ் மாமா எழுந்து, "ஜெப நேரத்துல இது என்ன அக்கிரமம், ஸ்பீக்கரு யாரு வீட்டுக் காசு?" என்று ஆரம்பித்தார். அதே குரலில் அவரிடம் திரும்பி, "உங்க கோபம் எனக்குப் புரியுதுங்க சார். தயவுசெய்து லைன்ல காத்திருங்க" என்றேன். பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். மாமா காத்திருக்கவில்லை, போய்விட்டார்.

"தகவல் சொல்றோம்" என்று மேடம் வைத்துவிட்டார். இந்த நாட்டில் தகவல் சொல்கிறோம் என்றவர்கள் யார் சொல்லியிருக்கிறார்கள்? வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். "சொல்லணும்னுதாம்மா இருந்தோம்" என்றார். "அதான் ஸ்பீக்கர்ல சொல்லியாச்சுல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன். அம்மா அழுகிறார்கள், நான் சாப்பிடவில்லை, தெருவில் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்து மாவு புளிச்சுப் போச்சு என்கிறார்கள்.

ஆகவே அண்ணே, நான் முடிவாகச் சொல்கிறேன். என் வேலை போனது உங்கள் லினக்ஸால். நான் மில்லுக்குப் போனாலும், தையில் எவனையாவது கட்டிக்கொண்டாலும் அந்தப் பாவம் உங்களைச் சேர்ந்தது. மரியாதையாக லீவு போட்டு வந்து, உங்கள் சுதந்திரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, எங்களுக்கு அடிமைத்தனத்தைப் போட்டுக் கொடுங்கள். மகனிடம் சொல்லி அந்தக் கிரயானையும் எடுக்கச் சொல்லுங்கள். அண்ணிக்கு என் அன்பு, ஹெட்செட்டுக்கு நன்றி, குற்றம் ஹெட்செட்டுடையது அல்ல. மகனுக்கு முத்தம். உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பத்தை நோய் நொடி இல்லாமல் காக்க வேண்டும், உங்களுக்குக் கொஞ்சம் காதும் கொடுக்க வேண்டும் என்று மன்றாடும்,

கோபம் குறையாத தங்கை,
கிளாரா.

பி.கு.: கல்லறைத் திருநாள் முடிந்து போகிறேன் என்று பெரியம்மா பயணத்தைத் தள்ளிவைத்ததால் இந்தக் கடிதம் பைபிளுக்குள் கிடந்தது. அதற்குள் சில தகவல்கள். வேலை கிடைத்துவிட்டது. இவ்வளவு கூச்சலுக்கு நடுவில் ஒரு தடவைகூடக் குரல் உயராமல் பேசியதற்காக, அதிகமாகத் திட்டு வரும் பிரிவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். பொண்ணு தெருவுக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வாயாடுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே வேண்டாமென்றுவிட்டார்கள். ஆகவே தை எனக்கு ஃப்ரீ. ஹெட்செட் சாயங்காலம் ஓடிப்போன ரகசியமும் தெரிந்தது. அப்பா அதை ஒருநாள் தன் போனில் சேர்த்துப் பாட்டுக் கேட்டிருக்கிறார். டியூட்டி முடிந்து அவர் படி ஏறியதும், அது அவர் சட்டைப்பையில் இருந்த போனோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் போனில் அதை மறக்கச் சொல்லித் தட்டிவிட்டேன், இப்போது நாள் முழுக்க என்னோடுதான் இருக்கிறது. லினக்ஸ் மேல் தப்பில்லை. அது நம்பு என்றதை நம்பியது, அவ்வளவுதான். எனவே நீங்கள் லீவு போட வேண்டாம், வர வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம்.

உங்கள் புது ஆபீஸ் லேப்டாப்பில் ஹெட்செட் சேரவே மாட்டேன் என்கிறதாமே, மீட்டிங்கில் நீங்கள் பேசுவது ஒருவருக்கும் கேட்கவில்லையாமே, பெரியம்மா வருத்தப்பட்டார்கள். கிளாராகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கம்மா என்றீர்களாம்.

எனக்கு வேலை செய்யுதே, அண்ணே.